காணாமல் போன பிள்ளைகளும் பிரிந்த பெற்றோரும்: முதல் சஸ்பென்ஸ் நாவல் எழுதுபவர்களுக்கு

விவாகரத்தான அப்பாவோ அம்மாவோ காணாமல் போன பிள்ளைகளைத் தேடி அலையும் கதை, த்ரில்லர் எழுத உட்காருபவர்களுக்குச் சட்டென்று தோன்றும் கரு. தோன்றிய வேகத்தில் பலரும் அதைக் கடத்தல் கதையாக யோசித்துவிடுகிறார்கள். கடத்தியவன் யார், எங்கே ஒளித்து வைத்திருக்கிறான், எப்படி மாட்டுகிறான் என்று அதற்குள்ளேயே சுற்றினால், தேடுகிறவர் விவாகரத்தானவர் என்ற விஷயத்துக்குக் கதையில் வேலையே இருக்காது. சேர்ந்து வாழும் தம்பதியை வைத்தும் அதே நாவலை எழுதிவிடலாம்.

இந்தக் கதையை ஓட்டுவதே விவாகரத்துதான். பிரிவுக்குப் பிறகு பிள்ளைகளைப் பற்றிய விவரங்கள் இரண்டு வீடுகளில் பாதிப் பாதியாகக் கிடக்கின்றன. மகளின் புதுத் தோழி யார் என்பது கூடவே இருக்கும் அம்மாவுக்குத் தெரியும். மகன் தூக்கத்தில் யார் பெயரைச் சொல்லி அழுகிறான் என்பது வார இறுதியில் மட்டும் கூட வைத்துக்கொள்ளும் அப்பாவுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைகள் எங்கே என்று விளங்கிவிடும். ஆனால் அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பேசினாலும் வக்கீல் வழியாகத்தான். வாசகரைப் பக்கம் பக்கமாக இழுத்துப் போவது இந்த இடைவெளி. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

முதல் வேலை: என்ன நடந்தது என்பதை நீங்கள் முடிவு செய்வது

எழுதிக்கொண்டே போனால் தானாகத் தெரிந்துவிடும் என்று இந்த வகை நாவலில் நம்பக் கூடாது. பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வழிகள் மூன்றுதான்: முன்னாள் துணை கொண்டுபோயிருக்கலாம், வெளியாள் கொண்டுபோயிருக்கலாம், பிள்ளைகளே கிளம்பிப் போயிருக்கலாம்.

வெளியாள் என்றால் விறுவிறுப்பு சுலபமாகக் கிடைக்கும், ஆனால் விவாகரத்து பின்னால் தள்ளப்பட்டுவிடும். முன்னாள் துணை என்றால் சட்டமும் எல்லைகளும் உள்ளே வரும். அதைத் தனியாகப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. பன்னிரண்டு வயது அக்கா, ஆறு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புகிறாள். ஏன்? நீதிமன்றத் தீர்ப்பில் தாங்கள் இருவரும் ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரிக்கப்படப் போகிறோம் என்று அவள் ஒட்டுக்கேட்டிருக்கிறாள். அப்பா அம்மாவைச் சந்தேகிக்கிறார், அம்மா அப்பாவைச் சந்தேகிக்கிறார், போலீஸ் இருவரையும் சந்தேகிக்கிறது. உண்மையில் பிள்ளைகள் ஓடியது இந்தச் சண்டையிலிருந்துதான். இந்தக் கட்டுரை முழுக்க இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

முடிவு செய்தபின் ஒரு பெரிய தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: அப்பாவுக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்தது, மகளுக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு துப்பையும் ஏதாவது ஒரு பத்தியில் எழுதுங்கள். எந்தத் துப்பும் அப்பா அம்மா இருவர் பத்தியிலும் வரக் கூடாது. பிறகு, எந்த அத்தியாயத்தில் எது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது, அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். விலை என்று நான் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "மகள் போன மாதம் என்னிடம் வர மறுத்துவிட்டாள்" என்று அப்பா சொன்னால் அது துப்பு. அதே வாக்கியம் நாளை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவும் நிற்கும். சொல்லவா, மறைக்கவா? உங்கள் சஸ்பென்ஸ் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

தொடக்கக் காட்சி

பிள்ளைகளை ஒப்படைக்கும் நேரத்தில் தொடங்குங்கள். வாரக் கடைசியில் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போகும் அந்தச் சில நிமிடங்களில் இரண்டு பேரின் பொறுப்பும் ஒன்றையொன்று தொடுகிறது. "உன்னிடம்தான் விட்டேன்", "என்னிடம் வரவே இல்லை" என்ற இரண்டு வாக்கியங்களும் அங்கே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

உதாரணமாக, அம்மா கார் கண்ணாடி வழியாக மகளும் மகனும் அப்பாவின் குடியிருப்புக் கட்டடத்துக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார். மேலே போய்ப் பார்க்கவில்லை, ஏனென்றால் முகம் பார்க்க இருவருக்கும் இஷ்டமில்லை. அப்பா மூன்றாவது மாடியில் காத்திருக்கிறார். அரை மணி தாமதமானபோதும் போன் செய்யவில்லை. தாமதத்தையும் கணக்கெழுதி வக்கீலிடம் கொடுக்கும் பழக்கம் அவருக்கு. தரைத்தளத்துக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். அவர்களைத் தேடத் தொடங்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது இரு பெரியவர்களின் ரோஷம். இங்கே குண்டு வெடிக்கத் தேவையில்லை, முகமூடி மனிதனும் தேவையில்லை.

முதல் அத்தியாயத்திலேயே திருமண வாழ்க்கையின் முழு வரலாற்றையும் ஃப்ளாஷ்பேக்கில் கொட்டிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது வாசகருக்குப் பாதி நாவல்வரை முழுதாகத் தெரிய வேண்டியதில்லை.

காவல் நிலையம்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. "இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று போலீஸ் சொல்வதாக எழுதிவிடுவார்கள். காணாமல் போன குழந்தை விஷயத்தில் அப்படிக் காத்திருக்கச் சொல்வதை அமெரிக்கா 1990இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. இந்தியாவில் 2013இல் உச்ச நீதிமன்றம், குழந்தை காணவில்லை என்ற புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் கதை எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டு நடைமுறையைப் படித்துவிட்டு எழுதுங்கள். காவலர் ஒருவர் சட்டத்தை மீறி அலட்சியம் காட்டுவதாக எழுதலாம், தவறில்லை. ஆனால் அது மீறல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலட்சியத்தைவிட நம்பும்படியான தடை ஒன்று இருக்கிறது. "குழந்தை அப்பாவிடமோ அம்மாவிடமோதானே இருக்கும், இது குடும்பப் பிரச்சினை" என்று அதிகாரி நினைப்பதுதான் அது. கடத்தப்பட்ட குழந்தையைப் பற்றிப் பொதுமக்களுக்கு அவசரச் செய்தி அனுப்பும் அமெரிக்காவின் ஆம்பர் எச்சரிக்கை முறையையே பாருங்கள். 1996இல் டெக்சாஸில் ஒன்பது வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு உருவான ஏற்பாடு இது. கடத்தல் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், குழந்தை பதினேழு வயதுக்குள் இருக்க வேண்டும், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரிய வேண்டும், பொதுமக்களுக்குச் சொல்லத் தேவையான அடையாள விவரங்களும் கையில் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு நீதித்துறை பரிந்துரைக்கும் அளவுகோல். பெற்றோரில் ஒருவரே கூட்டிப்போன வழக்குகளில் அந்த உடனடி ஆபத்தைக் காட்டுவது எளிதல்ல. அப்படியானால் எச்சரிக்கை வர வேண்டும் என்பதற்காக ஒரு தாய், தன் முன்னாள் கணவர் ஆபத்தானவர் என்று சொல்வாளா, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தும்? இந்த ஒரு பொய்யை வைத்து நாவலின் நடுப்பகுதி முழுவதையும் நடத்தலாம்.

விசாரணைக் காட்சியில் கத்தல்களைக் குறைத்து, சின்னக் கேள்விகளைக் கேட்க வையுங்கள். இப்படி:

"ஷூ சைஸ்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

"பெரியவளுக்கு மட்டும் சொல்லுங்க, போதும்."

"நான் வாங்கிக் கொடுத்தது போன வருஷம். இப்போ..."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் பார்த்தார். நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நாலு. வலது கால் மட்டும் கொஞ்சம் இறுக்கும். புதுசு வாங்கணும்னு சொல்லிட்டே இருந்தா."

இந்தச் சில வரிகளில் அவனுக்கு என்ன தெரியாது, அவளுக்கு என்ன குற்றவுணர்வு, இருவரும் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வந்துவிட்டது. கூடவே ஒரு விதையும் விழுந்திருக்கிறது. நூறு பக்கம் தள்ளி, வேறொரு ஊரின் பேருந்து நிலையத்தில் ஒரு ஜோடி ஷூ கிடைக்கும்போது, அதில் வலது ஷூவின் பின்புறம் மட்டும் மிதிபட்டு மடங்கியிருக்கும். அதன் அர்த்தம் அம்மாவுக்கு மட்டுமே புரியும். ஆனால் ஷூ கிடைத்திருப்பது அப்பாவின் கையில். அவன் அவளுக்கு போன் செய்தாக வேண்டும்.

எல்லை தாண்டிய கதை என்றால்

முன்னாள் துணை பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டதாக எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்: 1980இல் ஹேக் நகரில் உருவான, பன்னாட்டுக் குழந்தைக் கடத்தல் தொடர்பான உடன்படிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. ஜப்பான் 2014இல்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியா சேரவில்லை. பிள்ளைகள் போன நாடு உடன்படிக்கையில் இருக்கிறதா இல்லையா என்பதே உங்கள் கதையின் போக்கை மாற்றிவிடும்.

அந்த உடன்படிக்கைக்குள்ளேயே ஒரு த்ரில்லரின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தையைச் சட்டவிரோதமாகக் கொண்டுபோய் ஓராண்டுக்குள் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் பொதுவாக உடனே திருப்பி அனுப்ப உத்தரவிட வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால், குழந்தை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாட வழி திறக்கிறது. ஆகவே ஒளிந்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் லாபம், தேடுபவருக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். பதினொன்றாவது மாதத்தில் தொடங்கும் நாவலை யோசித்துப் பாருங்கள். அதோடு, குழந்தைக்குப் பதினாறு வயது முடிந்தால் உடன்படிக்கையே பொருந்தாது. மகளுக்குப் பதினைந்தரை, மகனுக்கு ஒன்பது என்று வைத்தால், ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வேறு கெடுக்கள்.

திருப்பி அனுப்ப மறுக்கவும் இடம் உண்டு. குழந்தைக்குக் கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நிரூபித்தாலோ, போதிய வயதும் முதிர்ச்சியும் உள்ள குழந்தையே திரும்ப மாட்டேன் என்று சொன்னாலோ நீதிமன்றம் மறுக்கலாம். மகள் நீதிபதியிடம் என்ன சொல்லப் போகிறாள் என்பதைக் கடைசிவரை வாசகருக்குச் சொல்லாமல் வைத்திருங்கள்.

இன்னொன்று: இந்த வழக்கில் நீதிமன்றம் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிப்பதில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை மட்டுமே பார்க்கிறது. வழக்கில் ஜெயித்ததாலேயே பிள்ளை அப்பாவிடம்தான் வளரும் என்று முடிவாகிவிட்டதாக எழுதினால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அதேபோல, காணாமல் போனவர்களுக்காக இன்டர்போல் வெளியிடும் மஞ்சள் அறிவிப்பைப் பெற்றோர் நேராகப் போய்க் கேட்டு வாங்க முடியாது. அவரவர் நாட்டுக் காவல்துறையில் இருக்கும் இன்டர்போல் பிரிவு வழியாகவே கோரிக்கை போக வேண்டும்.

துப்புகள்

போன் டவர் என்றதும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மினுக்குவதாக எழுதிவிடாதீர்கள். ஒரு டவர் மட்டும் சொல்வது பகுதியைத்தான், வாசற்படியை அல்ல. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் புகைப்படத்தில் எடுத்த இடத்தின் விவரம் கழன்றுவிடும். அதையே ஆவணமாக அனுப்பினால் அப்படியே இருக்கும். மகள் தோழிக்கு அனுப்பிய படங்களில் ஒன்று மட்டும் தற்செயலாக ஆவணமாகப் போயிருந்தால் அது நல்ல துப்பு. கண்காணிப்பு கேமராப் பதிவுகள் பல இடங்களில் சில நாட்களிலோ வாரங்களிலோ பழையதன் மேலேயே புதியது பதிந்து அழிந்துபோகும். அதனால் தவறான ஆளைச் சந்தேகித்து வீணாக்கும் நாட்களுக்குக் கதையில் நிஜமான நஷ்டம் உண்டு.

முன்னாள் துணையை எழுதுவது

தேடுகிறவர் நல்லவர், பிரிந்துபோனவர் கெட்டவர் என்று வைத்தால் நாவல் இருபது பக்கத்தில் தீர்ந்துவிடும். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. அந்தக் கல்யாணம் ஏன் முறிந்தது என்று முன்னாள் துணை தன் அக்காவிடமோ நண்பரிடமோ சொல்வதாக இரண்டு பக்கம் எழுதுங்கள். நாவலில் அது வரப்போவதில்லை. படித்து முடித்ததும் உங்களுக்கே அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்ற வேண்டும், தோன்றாவிட்டால் மறுபடி எழுதுங்கள். அதன் பிறகு அவரைச் சந்தேகத்துக்கு உரியவராகக் காட்டும் காட்சிகள் தானாகக் கனமாகிவிடும்.

தேடுகிறவரிடமும் ஒளிவுமறைவு இருக்கட்டும். எங்கள் உதாரண அப்பாவை எடுத்துக்கொண்டால், காணாமல் போவதற்கு முந்தைய வாரம் மகளிடம் "யாரோடு இருக்கணும்னு ஜட்ஜ் கேட்டால் என்ன சொல்வே?" என்று அவர் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். போலீஸிடம் அதைச் சொல்லவில்லை. வாசகரிடமும் அறுபது பக்கம்வரை சொல்லவில்லை. அவர் வில்லன் ஆகிவிடவில்லை, ஆனால் நாம் அவரை நம்பிய விதம் மாறிவிடுகிறது.

நடுப்பகுதியைத் தொய்யாமல் காப்பது

தேடல் கதைகள் நடுவில்தான் தொய்கின்றன. துப்பு, ஓட்டம், ஏமாற்றம். மறுபடி துப்பு, ஓட்டம், ஏமாற்றம். இரண்டாவது முறையே வாசகர் சுதாரித்துக்கொள்வார். இதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, வாசகருக்குத் தேடுபவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியவைப்பது. மகளின் பார்வையில் குட்டிக் குட்டி அத்தியாயங்கள் வையுங்கள், ஒன்றரைப் பக்கம் போதும். தம்பிக்குக் காய்ச்சல், கையில் இருந்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்று வாசகருக்குத் தெரியும். அடுத்த அத்தியாயத்தில் அப்பா அதே தெருவில் காரை நிறுத்தி, எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார். திடீர் அதிர்ச்சி ஒரு நொடியில் முடிந்துவிடும். தெரிந்துகொண்டே காத்திருக்கும் தவிப்பைப் பத்துப் பக்கம் இழுக்கலாம்.

இன்னொன்று, காத்திருப்பையே எழுதுவது. உளவியலாளர் பாலின் பாஸ் 1970களில் தெளிவற்ற இழப்பு என்று ஒரு நிலையை வரையறுத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் துக்கப்படவும் முடியாமல் நம்பவும் முடியாமல் மனம் உறைந்து நிற்கும் நிலை அது. உங்கள் பெற்றோர் இருவரும் அதில் இருக்கிறார்கள், ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. ஒருவர் மகனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருக்கிறார், இன்னொருவர் படுக்கையை மடித்து வைத்துவிட்டார். இதுவே அவர்களுக்குள் அடுத்த சண்டை.

ஆண்டுகள் ஓடும் கதையாக இருந்தால் கைவிடக் கூடாத காட்சி ஒன்று உண்டு. காணாமல் போன குழந்தை இப்போது எப்படி இருக்கும் என்று வரைகிற கலைஞர்கள், பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அதே வயதில் எடுத்துக்கொண்ட படங்களைக் கேட்பார்கள். அப்படியானால் மகனின் பத்து வயது முகத்தைப் பார்க்க அந்த அம்மாவுக்கு முன்னாள் கணவரின் பத்து வயதுப் படம் வேண்டும். அதை அவள் கிழித்துப் போட்டிருக்கிறாளா, பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாளா, மாமியாரிடம் போய்க் கேட்கப் போகிறாளா? இந்தக் காட்சிக்கு நிதானமாக நான்கு பக்கம் கொடுங்கள்.

பிள்ளைகள்

பல நாவல்களில் பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட வேண்டிய பொருளாக மட்டும் இருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் கருத்து உண்டு, கோபம் உண்டு, அவள் பொய் சொல்வாள், திட்டம் போடுவாள், அதில் குழந்தைத்தனமான ஓட்டைகளும் விடுவாள். பணத்தைக் கணக்குப் பார்த்து எடுத்தவள் தம்பியின் ஸ்வெட்டரை மறந்திருப்பாள். ஆறு வயதுப் பையனுக்கு இது மூன்று நாள் சுற்றுலா, நான்காம் நாள்தான் அம்மா வேண்டும் என்று அழத் தொடங்குவான். அந்த அழுகை அக்காவின் திட்டத்தை உடைக்கும்.

பிள்ளைகள் கிடைத்த பிறகு நடக்கும் விசாரணையையும் கவனமாக எழுதுங்கள். "அப்பாதானே உன்னை மிரட்டினார்?" என்பதுபோலப் பதிலைத் திணிக்கும் கேள்வி, சின்னக் குழந்தையின் நினைவையே மாற்றிவிடக் கூடியது. அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் "என்ன நடந்ததுன்னு சொல்லு" என்று திறந்த கேள்வியாகக் கேட்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ அதற்கு முன்பே மகனிடம் தனியாகப் பேசிவிட்டால், அவன் வாக்குமூலமே செல்லாக்காசாகலாம். கதையின் கடைசித் திருப்பத்துக்கு இது நல்ல இடம்.

முடிவும் திருத்தமும்

பிள்ளைகள் கிடைத்ததும் பெற்றோர் மறுபடி சேர்ந்துவிடுவதாக முடிக்காதீர்கள். முறிந்த காரணம் அப்படியேதான் இருக்கிறது. மாறக்கூடியது ஒன்றுதான்: இனி பிள்ளைகளைப் பற்றி இருவரும் நேரடியாகப் பேசுவார்களா? பேசுவார்கள் என்றால் அதை ஒரு போன் அழைப்பில் காட்டுங்கள். மாட்டார்கள் என்றால், மகள் அடுத்த முறை என்ன செய்வாள் என்ற பயம் வாசகரிடம் மிஞ்சட்டும்.

முதல் வரைவு முடிந்ததும் பழைய மூன்று பத்தித் தாளை எடுத்து, ஒவ்வொரு துப்பும் குறித்த அத்தியாயத்தில்தான் கை மாறுகிறதா என்று சரிபாருங்கள். தேதிகளையும் கிழமைகளையும் தனியாக ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் வார இறுதி முறை வைத்த கதையில் ஒரு கிழமை தவறினால் முழுக் கதையும் சாயும். பிறகு குடும்ப வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடமும், பிள்ளைகளைப் பங்கிட்டு வளர்க்கும் பெற்றோர் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். வக்கீலிடம் எந்தக் காட்சி நடக்கவே நடக்காது என்று கேளுங்கள். பெற்றோரிடம் எந்தப் பக்கத்தில் இரண்டு பேரில் ஒருவர்மேல் மட்டும் கோபம் வந்தது என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.